மாற்று விடை

ஏழாம் மேசை எங்களுக்கு.
மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கும்,
நிறுத்தினால் வியர்வை தாளில் விழும்.
ஆளுக்கொரு சிவப்புப் பேனை, ஆளுக்கொரு கல்.
கந்தர்மடத்துப் பள்ளிக்கூடமொன்றில்
ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைத் திருத்துகிறோம்.
பெயரில்லை, ஊரில்லை, சுட்டெண் மட்டும்.
யாற்றை பிள்ளையென்று தெரியாதிருப்பதுதான் நீதி
என்று பயிற்சியில் சொன்னார்கள்.
நான் தலையாட்டினேன்.

பதினான்காம் வினா:
நீர் பெறும் மூலம் ஒன்றைப் பெயரிடுக.
புள்ளித்திட்டத்தில் நான்கு விடை:
ஆறு, குளம், கிணறு, மழை.
ஓடுகிற ஆறொன்றைக் கண்ணால் காண
இங்கிருந்து பஸ் எடுத்து
ஆனையிறவு தாண்டவேணும்.
அதனாலென்ன, பிள்ளைகள் பழகிவிட்டார்கள்.
ஆறு என்று எழுதுகிறார்கள்.
சரி போடுகிறோம்.

இந்தத் தாளில்,
அழிரப்பர் தேய்த்து மெலிந்த இடத்தில்,
பென்சில் அழுத்தி எழுதியிருக்கிறது:
பவுசர்.
அதன் கீழே, ஒருவரும் கேளாமலே:
செவ்வாயும் வெள்ளியும் வரும்.

முதலில் சிரித்தேன். பிறகு
பக்கத்துக் கதிரைக்குத் தள்ளினேன்.
"தீவுப்பக்கப் பிள்ளை" என்றார் கலிஸ்ரா ரீச்சர்.
"சுன்னாகமாயும் இருக்கலாம்.
கிணறு இருந்தும் வாளியில எண்ணெயெல்லோ வந்தது."
"எதெண்டாலும் பவுசர் மூலமில்லை, வாகனம்"
என்றார் அமிர்தசீலன், விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்.
"அப்ப மழை? அதுவும் கடலிலயிருந்து
ஏத்திக்கொண்டு வாறதுதானே?"
மேசை இரண்டாய்ப் பிரிந்தது.
தேத்தண்ணி ஆறியது.

பிரதம பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றினார்.
"ஒண்டுக்குப் போட்டால் எல்லாத்துக்கும் போடவேணும்.
முதல் ரெண்டு நாள் கட்டும்
முத்திரை வைச்சுப் போயிட்டுது, தெரியும்தானே?"

தெரியும்.
முதல் நாள் நூற்றுப்பத்துத் தாள் திருத்தினேன்.
அதற்குள் ஒரு பவுசர் இருந்ததா?
பிழைக்கோடு இழுத்த வேகம் கையில் இருக்கிறது,
எதன்மேல் இழுத்தேனென்பது இல்லை.

நான் வளாகம் போனது முல்லைத்தீவுக் கணக்கில்.
இடம்பெயர்ந்து போய் இருந்த மாவட்டம்,
வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டம்.
பெரியம்மாவின் மகள் சுகிர்தா இங்கே எழுதினாள்,
என்னிலும் பன்னிரண்டு புள்ளி கூட.
அவளுக்குக் கிடைக்கவில்லை.
எனக்கு விளக்கெரிக்க எண்ணெய் இல்லை,
அவள் பரீட்சைக்குப் போன வழியெல்லாம் சோதனைச்சாவடி.
எதற்கு எத்தனை புள்ளி?
இன்றைக்கும் நான் போனால்
சீனி எத்தனை கரண்டியென்று கேட்பாள்.
எங்களுக்கிடையில் வேறெதையும்
நாங்கள் அளப்பதில்லை.

மூன்றரைக்குக் கொழும்பிலிருந்து பதில் வந்தது.
பவுசரை மாற்று விடையாய் ஏற்கலாம்.
இன்றிலிருந்து.

கலிஸ்ரா கைதட்டினார். நானும் சரி போட்டேன்.
அந்த வட்டத்துக்குள் ஒன்று என்று எழுதும்போது
யாரோ எனக்குத் தந்ததை
இன்னொருவருக்குக் கொடுப்பதுபோல் இருந்தது.
யாரோ ஒருத்தியிடமிருந்து எடுத்ததுபோலவும்.

"பழைய கட்டுகள்?" என்றேன்.
பிரதமர் இல்லையென்று சொல்லவில்லை,
லாச்சியைத் திறந்து ஒரு படிவம் தந்தார்.
மீள்பரிசீலனைக் கோரிக்கை.
காரணம் எழுத ஒரு வரி.
"பார்க்காமல் பிழை போட்டிருப்பேன்" என்று எழுதினேன்.
கையொப்பம் வைத்தேன், திகதி போட்டேன்.

மேலே ஒரு கட்டம் மிச்சம்.
சுட்டெண்.

ஏழு சிறிய பெட்டிகள்.
பேனை முனை முதலாவது பெட்டியில் நிற்க
மை ஊறி ஊறி
ஒரு சிவப்புப் புள்ளி பெரிதாகிறது.